சாம்பலானின் கொம்புகள்

முத்தாம்போவின் கல்லறை மேல் ஒரே ஒரு ஜோடிக் கொம்புதான் இருந்தது. அதுவும் பால் வற்றிப்போன கிழட்டுப் பசுவின் கொம்பு. இடது பக்கத்துக் கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது.

வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஹோவாருசிப் ஆற்றின் வளைவில், மேட்டின் மேல் அந்தக் கல்லறை. ஆற்று மணலில் மாடு ஓட்டிப் போகிறவரோ கழுதையில் போகிறவரோ, நிமிர்ந்தால் கண்ணில் படும். பக்கத்திலேயே முத்தாம்போவின் தகப்பனும் பெரியப்பனும் படுத்திருந்தார்கள். அவர்கள் தலைமாட்டில் மொப்பானி மரக் கழியில் கொம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு ஏறி, வெயிலில் வெளுத்துக் கிடந்தன. இவனுடைய தலைமாட்டைப் பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படித் திரும்புகிற முகங்கள்தான் அவன் மனைவி கவெத்தூனாவின் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தன.

மாடுகள் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. மாமன் மாடு அக்கா மகனுக்கு. அவர்கள் குலத்தில் என்றைக்கும் அதுதான் முறை. அவளுடைய தாய்மாமனின் மாடுகள் அவள் அண்ணனுக்கு வந்ததும் அப்படித்தான். முத்தாம்போ கண்ணை மூடியதும், அவன் அக்கா முகாஜோவின் மகன் ஹெம்பிந்தா வந்து மந்தையை எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் மந்தையை எடுக்கிறவன் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. செத்தவன் உயிராக வைத்திருந்த எருது அவனோடு போக வேண்டும். நாலு ஆண்கள் சேர்ந்து அதன் வாயையும் மூக்கையும் பொத்திப் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் மூச்சை நிறுத்துவார்கள். கொம்பு கல்லறைக்கு. அப்புறம்தான் மற்ற மாடுகள் வாரிசின் பின்னால் நடக்கும்.

முத்தாம்போவின் உயிர் சாம்பலான். கடலிலிருந்து ஆற்று வழியே ஏறி வருகிற மூடுபனியின் நிறம். இரண்டு கையையும் முழுக்க விரித்தாலும் எட்டாத கொம்பு. அதன் தாயைக் கழுதைப்புலி கொண்டுபோன அன்று, கவெத்தூனா ஆட்டுப் பாலைத் தன் உள்ளங்கையில் ஊற்றி ஊற்றிப் புகட்டிப் பிழைக்க வைத்த கன்று அது. முத்தாம்போ அதற்கென்று ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். அவன் அதை முணுமுணுத்தால் போதும், எங்கே மேய்ந்தாலும் தலையைத் தூக்கி நேராக வந்துவிடும்.

"பெண்டாட்டி கூப்பிட்டா வராத ஆளு, பாட்டுப் பாடினா வர்ற மாடு. நல்ல ஜோடிதான்" என்று அவள் கேலி செய்வாள்.

சாவு வீட்டில் ஹெம்பிந்தா அந்த எருதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தான். அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். பிறகு கிழட்டுப் பசுவைக் கைகாட்டினான்.

"மாமா போயிட்டாரு. அவருக்கு இனிமே எருது எதுக்கு அத்தை? இவ்ளோ அழகான மாட்டை மண்ணுக்குக் குடுக்கச் சொல்றியா? மேலூர்த் தலைவர் வீட்டுப் பொண்ணைக் கேட்டிருக்கோம். பரிச மாடுங்களுக்கு முன்னாடி இது நடந்து போனா, அவங்க வாயைத் திறப்பாங்களா?"

முகாஜோ தம்பியின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மகனைப் பார்த்தாள். பிறகு இன்னும் சத்தமாக அழுதாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு கவெத்தூனா ஒரு முடிவெடுத்தாள். சாம்பலானின் கொம்பு கல்லறைக்கு வருகிறவரைக்கும் உடம்பில் செம்மண் பூசுவதில்லை. வெண்ணெயில் குழைத்த செம்மண் இல்லாமல் ஒரு ஹிம்பா இனத்துப் பெண் வெளியே வருவது துணியில்லாமல் வருவது போல. தோல் வெடித்தது. சடைகள் நிறம் இழந்து காய்ந்த நார் போலத் தொங்கின. மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துக்குக்கூட அந்தக் கோலத்தில் போக முடியாது என்று, ஆடுகளோடு ஆற்றங்கரையிலேயே கிடந்தாள்.

மழை இல்லாத அடுத்த கோடையில், ஹெம்பிந்தா மந்தையோடு அதே ஆற்றுக்கு இறங்கி வந்தான். மேலே புல் கருகிவிட்டது. எதிர்க்கரையில் முள்வேலி போட்டுப் பட்டி அமைத்தான். மேட்டைத் தாண்டித்தான் வந்தான். ஒரு கல்லை எடுத்து மாமன் கல்லறையில் வைத்து, "நான் வந்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முகாஜோ மட்டும் ஆற்றைக் கடந்து தம்பி மனைவியைப் பார்க்க வந்தாள். இடுப்பில் கைவைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி இது, தீக்கோழி மண்ணுல புரண்டு எழுந்த மாதிரி? வெண்ணெய் இல்லேன்னா சொல்லி அனுப்பக் கூடாதா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"நீங்க எங்கே சாகப் போறீங்க அக்கா? சாகறவங்களை வழியனுப்பத்தான் உங்க வீட்டுல ஆள் இல்லை."

முகாஜோவின் முகம் சுருங்கியது. "இன்னும் அந்த எருதைப் பிடிச்சுத் தொங்குறியா? என் தம்பி நல்லவன். ஒரு மாட்டுக்காகக் கோவிச்சுக்க மாட்டான்."

"அவர் கோவிச்சுக்க மாட்டார்க்கா. அவருக்கும் சேர்த்து நான் கோவிச்சுக்கறேன்."

"கோவிச்சு என்ன பண்ணப் போறே? அடுத்த பிறைக்கு அது பொண்ணு வீட்டுக்குக் கிளம்புது. நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பு. வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை உனக்கு" என்று முகாஜோ கிளம்பினாள். போகும்போது, கொண்டு வந்திருந்த வெண்ணெய்க் குடுவையைக் குடிசை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கவெத்தூனா அதைத் தொடவில்லை. எறும்பு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாலையில் ருக்கோரோ வந்தான். சிங்கங்கள் எங்கே திரிகின்றன என்று பார்த்து, மாடு வைத்திருப்பவர்களை எச்சரிப்பது அவன் வேலை. முதுகில் தண்ணீர்ப்பை, கையில் மீன்முள் போல ஒரு கம்பி. ரேடியோ கழுத்துப்பட்டை போட்ட சிங்கம் பக்கத்தில் இருந்தால் அது கிர்கிர் என்று சொல்லிவிடும். ஆனால் அவன் கம்பியை விட மணலைத்தான் அதிகம் நம்புவான். மனைவியை இழந்து பல வருஷமான ஆள். ஒவ்வொரு முறை இந்தப் பக்கம் வரும்போதும் கவெத்தூனாவிடம் ஒரு வாய் மோர் கேட்பான். மோர் மேலூரிலும் கிடைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பெண்சிங்கம் ஒண்ணு குட்டிங்களோட வந்திருக்கு" என்றான். "ஊற்றுக்குக் கீழே புதருக்குள்ள படுத்திருக்கு. விலா எலும்பு தெரியுது. ஓரிக்ஸ் மானெல்லாம் மேட்டுப் பக்கம் போயிட்டதால அதுக்கு இரை சிக்கலை. நாளைக்குப் பனி இறங்கும் போலிருக்கு. பனி கலையற வரைக்கும் யாரும் மாட்டை ஊற்றுக்கு விடக்கூடாது. எதிர்க்கரைக்கும் நீயே சொல்லிடு, கவெத்தூனா. நான் வெளிச்சம் இருக்கும்போதே கீழ்ப்பக்கத்துப் பட்டிக்குப் போகணும்."

"சரி."

"மறக்காம சொல்லிடு."

"நான் எதையாவது மறந்திருக்கேனா?" என்றாள்.

அவன் மோர்க் குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு தண்ணீர்ப்பையை முதுகில் ஏற்றிக்கொண்டு கீழ்ப்பக்கம் நடந்தான்.

எதிர்க்கரையில் அடுப்புப் புகை தெரிந்தது. ஹெம்பிந்தாவின் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. ஆற்று மணலைக் கடந்து அங்கே போக, ஒரு கலம் பால் காய்கிற நேரம்தான் ஆகும். கவெத்தூனா ஆடுகளை அடைத்தாள். வேலிக்கு முள் இழுத்துப் போட்டாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

விடிந்தபோது உலகமே காணாமல் போயிருந்தது. கடலிலிருந்து வந்த பனி ஆற்றை முழுவதுமாக நிரப்பி நின்றது. மொப்பானி இலைகளிலிருந்து சொட்டு விழுகிற சத்தம். எங்கோ ஒரு குள்ளநரி ஒருமுறை கத்தி நிறுத்தியது. எதிர்க்கரையில் பால் கறக்கத் தொடங்கியிருந்தார்கள். பட்டி வாசலின் முள்ளை இழுக்கிற ஓசை கேட்டது. எருதுகளை முதலில் வெளியே விடுவார்கள். அவை வாசலுக்குப் பக்கத்திலேயே நின்று அசைபோடும்.

கவெத்தூனா மணலில் இறங்கினாள். ஹெம்பிந்தாவின் பட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி, பனிக்குள் நின்றாள். மூச்சை இழுத்து, அடித்தொண்டையில், புருஷனின் குரல் எப்படி இருந்ததோ அந்த இடத்துக்குக் குரலை இறக்கி முணுமுணுத்தாள்.

"கடலை விட்டு வந்தவனே, மழை இல்லாத மேகமே,
கொம்பால வானத்தைத் தாங்கி வா,
உன் பின்னால நடக்கறவனுக்குத் தாகமில்லே..."

பட்டிப் பக்கம் ஒரு கணம் பேச்சு நின்றது. ஏதோ கீழே விழுந்து உருண்டது. பிறகு, குளம்புச் சத்தம். அவசரமில்லாத, கனமான குளம்புச் சத்தம்.

முதலில் கொம்புதான் தெரிந்தது. உடம்பும் பனியும் ஒரே நிறமாக இருந்ததால், இரண்டு கொம்புகள் மட்டும் தனியாகக் காற்றில் மிதந்து வருவது போல இருந்தது. அவள் திரும்பி நடந்தாள். பாடிக்கொண்டே நடந்தாள். சாம்பலான் பின்னாலேயே வந்தது. அதன் சூடான மூச்சு அவள் தோளில் பட்டது. ஒருமுறை அவள் உள்ளங்கையைத் தேடி நாக்கை நீட்டியது. அவள் கையை மூடிக்கொண்டாள்.

ஊற்றுக்கு மேலே நீண்டு நிற்கிற பாறையில் அவள் ஏறிக்கொண்டாள். எருதால் அங்கே ஏற முடியாது. தண்ணீர் வாசம் பிடித்து அது கீழே இறங்கியது. அவள் பாட்டை நிறுத்தினாள்.

சாம்பலான் குடிக்கவில்லை. தலையைத் தூக்கி, பாட்டு எங்கே போனது என்று காதைத் திருப்பித் திருப்பித் தேடியது. புதருக்குள் ஏதோ நிறம் மாறியது. மணல் நிறத்தில் ஒரு முதுகு, தரையோடு தரையாக.

இப்போது ஒரு வரி போதும். ஒரே ஒரு வரி பாடினால் பாறையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் ஓடி வந்துவிடும். ஆட்டுப்பால் வாசமடித்த சின்ன மூக்கு நினைவுக்கு வந்தது. தொண்டை வரைக்கும் பாட்டு வந்துவிட்டது. கூடவே, ஒடிந்த கொம்பும் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் வந்தார்கள். எருதின் முதுகைத் தட்டிக் கொடுத்த அந்தக் கையும், 'அவருக்கு இனிமே எருது எதுக்கு' என்ற குரலும் வந்தன. அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிங்கம் தாவியதை அவள் பார்த்தாள். கண்ணை மூடவில்லை. கழுத்தில் தொங்கி, எருது முழங்காலிட்டதும் அதன் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்வி அப்படியே பிடித்துக்கொண்டது. கத்தல் இல்லை. ரத்தம் இல்லை. நாலு ஆண்கள் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு தாய் தனியாகச் செய்தாள். கொம்பு மெல்லச் சாய்ந்து மணலில் பதிந்தபோது கவெத்தூனாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அது எருதுக்காக. ஹெம்பிந்தாவுக்காக ஒரு சொட்டு இல்லை.

வெயில் ஏறிப் பனி கிழிந்தபோது அவள் தன் பட்டியில் ஆடு கறந்துகொண்டிருந்தாள். ருக்கோரோ கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தான். மணலைப் பார்த்தபடி எதிர்க்கரை வரைக்கும் போனான். அங்கிருந்து ஊற்று வரைக்கும் போனான். பாறைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நேராக அவளிடம் வந்தான்.

"எதிர்க்கரைக்குச் சொன்னியா?"

அவள் அடுத்த ஆட்டை இழுத்துக் கறக்கத் தொடங்கினாள்.

"குட்டியோட இருக்கற சிங்கம்" என்றான் ருக்கோரோ. கோபத்தில் குரல் தடித்தது. "அவன் இப்ப ஒரு செத்த கழுதையில விஷத்தைத் தடவிப் போட்டான்னா, தாய், குட்டி, கழுகு எல்லாம் போகும். இதையெல்லாம் யோசிச்சியா நீ?"

"யோசிச்சேன். அவளை யாரும் தொட மாட்டாங்க. நீ பாரு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு ஆட்டுப்பட்டியின் முள்ளை இழுத்தான். "ஆட்டை நான் அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போறேன். பாறை வரைக்கும் ஓட்டிட்டு வரேன்" என்றான். நாலடி போய்த் திரும்பினான். "உன் செருப்புல வலது குதி தேஞ்சிருக்கு. மணல்ல நல்லாத் தெரியுது. புதுசா வெட்டிக்கோ."

ஆடுகள் மணல் முழுவதையும் மிதித்துக் கலைத்துக்கொண்டு போயின.

எதிர்க்கரை ஆட்கள் ஊற்றுக்கு வந்தபோது சிங்கமும் குட்டிகளும் புதருக்குள் பின்வாங்கியிருந்தன. வயிற்றுப்பக்கம் தின்றிருந்தன. தலையும் கொம்பும் அப்படியே இருந்தன. கவெத்தூனாவும் போய் நின்றாள். ஹெம்பிந்தா வெறிபிடித்தவன் போலக் கத்தினான்.

"விஷம் வெப்பேன்! ஒண்ணு விடாம சாகடிப்பேன்! என் மாட்டை..."

"யாரு மாடுடா?"

கேட்டது முகாஜோ. அவள் உதடு வெளுத்திருந்தது. பால் கலம் கைநழுவி விழுந்ததில், கால் முழுக்கக் காய்ந்த பால்.

"நான் கேட்டேன்டா. பனிக்குள்ள. உன் மாமன் பாட்டு. என் தம்பி குரல். நீயும்தானே கேட்டே? கேட்டதும் இது தலையைத் தூக்கிச்சு, போச்சு. யாரும் ஓட்டலை. யாரும் இழுக்கலை."

"காத்தும்மா அது..."

"காத்து பாட்டுப் பாடுமாடா?" முகாஜோ ருக்கோரோவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. எப்படிச் செத்துது?"

ருக்கோரோ குனிந்து எருதின் முகத்தைப் பார்த்தான். கவெத்தூனாவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. "வாயையும் மூக்கையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. மூச்சடைச்சுத்தான் செத்திருக்கு. கழுத்துல ஒரு பொட்டு ரத்தம் இல்லை."

அது உண்மைதான். உண்மையைத் தவிர அவன் வேறெதுவும் சொல்லவில்லை.

முகாஜோ மகனை ஓங்கி அறைந்தாள். "நீ செய்ய வேண்டியதை அவனே வந்து செஞ்சுட்டுப் போயிட்டான். முறை தவறாமச் செஞ்சுட்டான். அந்தச் சிங்கத்து மேல கை வெச்சே, அடுத்துப் பாட்டு உன் பேருக்கு வரும். வெட்டுடா கொம்பை. நீயே தூக்கு."

மண்டையோடு சேர்ந்த கொம்பு. ஈ மொய்த்தது. ஹெம்பிந்தா அதைத் தோளில் சுமந்து மேட்டில் ஏறினான். வேர்வையும் நிணமும் சேர்ந்து அவன் முதுகில் வழிந்தன. வழியில் யாரும் கைமாற்றிக்கொள்ள வரவில்லை. கவெத்தூனா அவனுக்குப் பின்னாலேயே, அவன் கால் இடறுகிற ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

கொம்பைக் கழியில் மாட்டி, ஒரு கல்லை எடுத்துக் கல்லறையில் வைத்து அவன் முணுமுணுத்தான்.

"மாமா, ஹெம்பிந்தா வந்திருக்கேன்."

"சத்தமாச் சொல்லுப்பா" என்றாள் கவெத்தூனா. "உயிரோட இருக்கும்போதே உன் மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உரக்கச் சொன்னான்.

"எதுக்கு வந்தேன்னும் சொல்லு."

"மன்னிச்சிடுங்க மாமா." குரல் உடைந்தது. திரும்பி அவளைப் பார்த்தான். "இப்போ திருப்தியா அத்தை?"

"என்னை ஏன் கேக்கறே? நானா பாடினேன்?" என்றாள் அவள்.

செத்தவன் வந்து எருதைக் கொண்டுபோன கதை மேலூருக்கு எட்ட நேரமாகவில்லை. பெண்ணுக்கு இன்னும் வயது வரட்டும் என்று தலைவர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அந்த மந்தையின் மாடு ஒன்றுகூடத் தங்கள் பட்டிக்குள் வரக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். யாரும் கேட்காமலே ஹெம்பிந்தா இன்னும் இரண்டு நல்ல எருதுகளை முறைப்படி மூச்சடைத்து, கொம்புகளைக் கல்லறைக்குக் கொண்டுபோனான். பெண்சிங்கம் குட்டிகளோடு ஆற்றோடு கீழ்ப்பக்கமாகப் போய்விட்டது.

முகாஜோ இன்னொரு குடுவை வெண்ணெய் கொண்டு வந்தாள். இந்த முறை வாசலில் வைக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, செம்மண்ணைத் தானே குழைத்து, தம்பி மனைவியின் முதுகில் தேய்த்துவிட்டாள். வெடித்த தோல் வெண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த முறை மோர் கேட்டு வந்த ருக்கோரோ அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு பையிலிருந்து பழைய டயர்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான்.

"செருப்புக்கு" என்றான்.

"ரெண்டு ஜோடி வருமே இதுல."

"எனக்கும் ஒண்ணு வெட்டினா வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தான்.

இப்போதும் கடலிலிருந்து பனி ஏறி வருகிற விடியல்களில் கவெத்தூனா ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பால் கறப்பாள். கறந்துகொண்டே, அடித்தொண்டையில், எதிர்க்கரைக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் ஒரே ஒரு வரி முணுமுணுப்பாள். உடனே அங்கே பேச்சு நிற்கும். பட்டி வாசலின் முள்ளை இழுக்கப் போன கை அப்படியே நின்றுவிடும். வெயில் ஏறி, பனி கலைந்து, மணலில் யாரும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும் ஹெம்பிந்தாவின் மாடுகள் பசியோடு உள்ளேயே நிற்கும்.

அவள் கறந்து முடித்துவிட்டு, நிதானமாக எழுந்து, ஆடுகளை முதல் புல்லுக்கு ஓட்டிக்கொண்டு போவாள்.